கார் ஏசிக்கு வீட்டிலேயே கேஸ் நிரப்பலாமா? கேன் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

வெயில் ஏறத் தொடங்கியதும் கார் வைத்திருப்பவர்கள் அதிகம் சொல்லும் புகார் இது: "ஏசியில காத்து வருது, கூலிங் வரல." அதற்கான காரணத்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்: "கேஸ் தீர்ந்திருக்கும்."

உடனே கைபேசியில் தேடினால், 450 கிராம் கேஸ் கேன், ஒரு குழாய், ஒரு சின்ன கேஜ் என எல்லாம் சேர்ந்த 'கிட்' ஆன்லைன் கடைகளில் கிடைக்கிறது. கூடவே பத்து நிமிட வீடியோக்களும் வரிசை கட்டுகின்றன. குழாயை மாட்ட வேண்டும், கேனைத் திறக்க வேண்டும், முள் பச்சைப் பகுதிக்கு வந்ததும் மூட வேண்டும். அவ்வளவுதான்.

உண்மையில் அவ்வளவுதானா? மிகச் சில கார்களுக்கு ஆமாம். மற்ற பலருக்கு, கேன் வாங்கிய காசும் போய், கம்ப்ரஸருக்கும் சேர்த்துச் செலவு வைக்கும் வேலை இது. எப்போது செய்யலாம், எப்போது கூடாது, அதற்கு முன் காசு செலவில்லாமல் எதையெல்லாம் பார்க்கலாம்? விரிவாகப் பார்ப்போம்.

ஏசி கேஸ் 'தீருமா'?

பெட்ரோல் எரிந்து தீரும். ஏசி கேஸ் அப்படித் தீராது. அது மூடிய குழாய்களுக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சுற்றும் பொருள். 4 ஆண்டு ஓட்டினாலும் 10 ஆண்டு ஓட்டினாலும், வெளியே போக வழி இல்லாதவரை அது உள்ளேதான் இருக்கும்.

சுற்று இதுதான். கம்ப்ரஸர் வாயுவை அழுத்திச் சூடாக்கும். காரின் முன்பக்கம் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்ஸரில் அந்த வாயு வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரவமாகும். அடுத்து, எக்ஸ்பான்ஷன் வால்வு என்ற குறுகலான வழியாகப் பீறிட்டு, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் மறுபடி ஆவியாகும். ஆவியாகும்போது காருக்குள் இருக்கும் காற்றின் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். நமக்குச் சில்லென்று காற்று வரும்.

இந்தியாவில் ஓடும் பெரும்பாலான கார்களில் இந்த வேலையைச் செய்வது ஆர்-134ஏ என்ற வாயு. சாதாரண அழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிவிடும் என்பதால்தான் அது குளிர்விக்கப் பயன்படுகிறது.

ரப்பர் குழாய்கள், சீல்கள் வழியாக மிகச் சிறிய அளவு கசிவது இயல்பு. நல்ல நிலையில் இருக்கும் காரில் அது ஆண்டுக்குச் சில கிராம் என்ற அளவில்தான் இருக்கும். எனவே, ஏழெட்டு ஆண்டு பழைய காரில் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்றால் நம்பலாம். போன கோடையில் நிரப்பியது இந்தக் கோடையில் இல்லை என்றால், எங்கோ லீக் இருக்கிறது. அதை அடைக்காமல் கேஸ் போடுவது, பஞ்சரான டயருக்குத் தினமும் காற்றடிப்பது போலத்தான்.

கேஜ் முள் சொல்லாத விஷயம்

வீட்டில் நிரப்பும் முறையின் பெரிய சிக்கல் இங்கேதான் இருக்கிறது. காருக்குத் தேவையானது குறிப்பிட்ட எடையில் கேஸ். கேஜ் காட்டுவதோ அழுத்தம். இரண்டும் வேறு வேறு.

சமையல் கேஸ் சிலிண்டரை நினைத்துப் பாருங்கள். சிலிண்டர் நிறைந்திருந்தாலும் பாதியாக இருந்தாலும் அடுப்பு ஒரே மாதிரிதான் எரிகிறது. உள்ளே திரவம் மிச்சமிருக்கும்வரை அழுத்தத்தை முடிவு செய்வது வெப்பநிலை மட்டுமே. அதனால்தான் 14.2 கிலோ இருக்கிறதா என்று தராசில் வைத்துப் பார்க்கிறோம்.

கார் ஏசியும் அப்படித்தான். இன்ஜின் அணைந்து ஆறிய நிலையில், 30 டிகிரி வெப்பத்தில், ஆர்-134ஏ இருக்கும் அமைப்பில் கேஜ் சுமார் 95 பி.எஸ்.ஐ. காட்டும். 400 கிராம் இருக்க வேண்டிய காரில் 200 கிராம் மட்டுமே இருந்தாலும் அதே 95தான். அந்த எண்ணைப் பார்த்து 'ஃபுல்' என்று முடிவு செய்ய முடியாது.

சரி, ஏசி ஓடும்போது பார்த்தால்? கிட்டில் வரும் கேஜ் குறைந்த அழுத்தப் பக்கத்தை மட்டுமே அளக்கும். வெளி வெப்பம், ஃபேன் வேகம், இன்ஜின் வேகம், காற்றின் ஈரப்பதம் என எல்லாவற்றுக்கும் ஏற்ப அந்த எண் ஏறி இறங்கும். கம்ப்ரஸர் தேய்ந்து வலுவிழந்திருந்தால் குறைந்த அழுத்தப் பக்கத்தில் எண் கூடுதலாகவே இருக்கும். கேஸ் சரியாக இருக்கிறது என்று முள் சொல்லும், ஆனால் கூலிங் வராது. பல புதிய கார்களில் இருக்கும் வேரியபிள் கம்ப்ரஸர், தன் வேலையளவைத் தானே மாற்றிக்கொண்டு அந்தப் பக்க அழுத்தத்தை ஏறக்குறைய ஒரே அளவில் வைத்திருக்கும். அங்கே பச்சைப் பகுதியை நம்பி கேனைத் திறந்து வைத்தால் அளவு எளிதில் மீறிவிடும்.

இதனால்தான் மெக்கானிக்குகள் நீலம், சிவப்பு என இரண்டு முட்கள் கொண்ட கேஜ் செட்டை மாட்டுகிறார்கள். குறைந்த பக்கம், அதிக பக்கம் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் நோய் தெரியும்.

அதிகமாகப் போட்டால் அதிகக் குளிர் வருமா?

வராது. குளிர் குறையும். அளவுக்கு மீறிய கேஸ் திரவமாகத் தேங்கி, கண்டென்ஸரில் வாயு குளிர வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்ளும். அழுத்தம் ஏறும், கம்ப்ரஸர் திணறும், எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். கம்ப்ரஸருக்குள் திரவமாகவே நுழைந்தால் இன்னும் ஆபத்து. வாயுவை அழுத்தலாம், திரவத்தை அழுத்த முடியாது. உள்ளே பாகங்கள் உடையும்.

சின்ன ஹேட்ச்பேக் கார்களுக்குத் தேவைப்படுவது பொதுவாக 350 முதல் 500 கிராம்தான். 400 கிராம் கொள்ளும் காரில் 60 கிராம் கூடினாலே 15 சதவீதம் அதிகம். "ஒரு அரை கேன் போயிருக்கும்" என்ற கணக்கு இங்கே செல்லாது.

உண்மையில் கேஸ்தான் பிரச்சினையா?

கேன் வாங்கும் முன் செய்ய வேண்டிய வேலை இது. எந்தக் கருவியும் வேண்டாம். கண், காது, கை போதும்.

* கார் ஓடும்போது கூலிங் இருக்கிறது, சிக்னலில் நின்றதும் சூடாகிறது. பெரும்பாலும் கண்டென்ஸர் ஃபேன் சரியாகச் சுற்றவில்லை, அல்லது கண்டென்ஸரில் தூசியும் பூச்சியும் அப்பியிருக்கின்றன. ஏசி போட்டதும் முன்பக்க ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். இன்ஜின் அணைந்து ஆறிய பிறகு, மெல்லிய நீர்த்தாரையால் கண்டென்ஸரைக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் பிரஷரை நேராகப் பாய்ச்சினால் தகடுகள் மடங்கிவிடும்.

* காற்று குளிர்ச்சியாக இருக்கிறது, ஆனால் வருவதே கொஞ்சம்தான். கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். பல கார்களில் டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும். கறுத்துப் போயிருந்தால் மாற்றுங்கள். 'கேஸ் இல்லை' என்று நினைத்த பலருக்கு இதுவே தீர்வாக இருந்துவிடும்.

* முதல் அரை மணி நேரம் நல்ல கூலிங், பிறகு காற்றே குறைகிறது, அணைத்து வைத்தால் மீண்டும் வருகிறது. கூலிங் காயிலில் பனி கட்டுகிறது. ஃபில்டர் அடைப்பு, சென்ஸர் கோளாறு அல்லது குறைந்த கேஸ் காரணமாக இருக்கலாம்.

* பானெட்டைத் திறந்து வைத்து ஏசியைப் போட்டால், சில நொடிகளுக்கு ஒருமுறை 'டிக்... டிக்...' என்று கம்ப்ரஸர் சேர்ந்து பிரிகிறது. கேஸ் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

* கம்ப்ரஸர் சேரவே இல்லை. ஃபியூஸ், ரிலே, வயரிங் கோளாறாக இருக்கலாம். அல்லது கேஸ் முற்றிலும் போய்விட்டதால் பாதுகாப்பு சுவிட்ச் கம்ப்ரஸரை ஓடவிடாமல் தடுத்திருக்கலாம். அந்த சுவிட்சை வயர் போட்டு 'பைபாஸ்' செய்யச் சொல்லும் வீடியோக்கள் உண்டு. செய்யவே கூடாது. கேஸோடு சுற்றும் எண்ணெய்தான் கம்ப்ரஸருக்கு உயிர். கேஸ் இல்லாமல் ஓடினால் அது காய்ந்து பிடித்துக்கொள்ளும்.

* குழாய் இணைப்புகளிலோ கண்டென்ஸர் மீதோ எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும் தெரிகின்றன. பெரும்பாலும் லீக் இருக்கும் இடம் அதுதான். போட்டோ எடுத்து மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

இன்னொரு எளிய சோதனை, ஒரு தெர்மாமீட்டர். நிழலில் நிறுத்தி, உள்காற்றைச் சுழற்றும் ரீசர்குலேஷன் பட்டனை அழுத்தி, பத்து நிமிடம் ஏசியை ஓடவிட்டு, நடு வென்ட்டில் தெர்மாமீட்டரைச் செருகுங்கள். வெளியே 35 டிகிரி இருக்கும்போது வென்ட்டில் 10 டிகிரியை ஒட்டி வந்தால் ஏசி நன்றாகவே வேலை செய்கிறது. 20 டிகிரியைத் தாண்டினால் கோளாறு உறுதி. புழுக்கம் அதிகமுள்ள கடலோர ஊர்களில் ஓரிரு டிகிரி கூடலாம்.

கடையில் அப்படி என்ன கூடுதலாகச் செய்கிறார்கள்?

சரியாகச் செய்யும் கடையில் நான்கு கட்டங்கள் உண்டு. முதலில் மிச்சமிருக்கும் கேஸை இயந்திரத்துக்குள் உறிஞ்சி எடை பார்ப்பார்கள். எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது அப்போதுதான் துல்லியமாகத் தெரியும். அடுத்து லீக் சோதனை. நைட்ரஜன் அழுத்தம், சோப்பு நுரை, ஒளிரும் சாயம், எலக்ட்ரானிக் டிடெக்டர் என்று பல வழிகள் இருக்கின்றன.

மூன்றாவது வேக்யூம். அரை மணி நேரமோ அதற்கு மேலோ குழாய்களில் உள்ள காற்றை உறிஞ்சி எடுப்பார்கள். அந்த வெற்றிடத்தில், உள்ளே இருக்கும் ஈரம் சாதாரண வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகி வெளியேறிவிடும். ஈரம் உள்ளே தங்கினால் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனியாக உறையும், கேஸோடும் எண்ணெயோடும் சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும். கடைசியாக, பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள எடைப்படி கேஸ் நிரப்புவார்கள்.

கேன் கிட்டில் இந்த நான்கில் எதுவும் இல்லை. மேலே கொஞ்சம் ஊற்றும் 'டாப்-அப்' மட்டுமே அதனால் முடியும். ஒருமுறை குழாய் திறந்து காற்று புகுந்த அமைப்புக்கும், முழுக்கக் காலியான அமைப்புக்கும் டாப்-அப் பயன்படாது.

யார் தொடவே கூடாது?

ஹைபிரிட், எலக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்கள் இந்தக் கேன்களைத் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம். அவற்றின் கம்ப்ரஸர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுகிறது. உள்ளே மின்சாரம் கடத்தாத தனி வகை எண்ணெய் இருக்கும். சாதாரண கார்களுக்கான எண்ணெய் கலந்த கேன் அதில் சிறிது சேர்ந்தாலும் மின்காப்பு கெட்டு, கம்ப்ரஸரையே மாற்ற வேண்டிய நிலை வரலாம்.

வாரன்டியில் இருக்கும் கார், பின்சீட்டுக்கும் தனி ஏசி உள்ள பெரிய கார், அண்மையில் முன்பக்கம் இடிபட்ட கார், ஸ்டிக்கரில் ஆர்-1234ஒய்எஃப் என்று போட்டிருக்கும் கார் ஆகியவையும் இந்தப் பட்டியலில் சேரும்.

வீட்டு ஏசிக்குப் போடும் ஆர்-32 வாயுவை "எல்லாம் ஒண்ணுதான்" என்று காரில் ஏற்றுவது விபரீதம். ஒரே வெப்பநிலையில் அதன் அழுத்தம் ஆர்-134ஏவைப் போல் இரு மடங்குக்கும் மேல். எல்பிஜி போன்ற எரியும் வாயு கலந்த மலிவு கேன்களும் ஆபத்துதான். டேஷ்போர்டுக்குள் கசிந்தால் அது நேராக நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குத்தான் வரும்.

"இல்ல, நானே செஞ்சு பாக்குறேன்" என்றால்...

சாதாரண பெட்ரோல் அல்லது டீசல் கார், பல ஆண்டுகளாகக் கேஸ் போட்டதே இல்லை, மேலே சொன்ன மற்ற கோளாறுகள் எதுவும் இல்லை, கூலிங் மெதுவாகத்தான் குறைந்தது. இப்படி இருந்தால் டாப்-அப் உதவ வாய்ப்பு உண்டு. அப்போதும் இவற்றைக் கவனியுங்கள்.

1. ஸ்டிக்கரில் கேஸ் வகையையும் எடையையும் படியுங்கள். ஆர்-134ஏ இல்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

2. கண்ணாடி, கையுறை கட்டாயம். பீறிடும் திரவம் தோலில் பட்டால் உறைபனிக் காயம், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

3. திறந்தவெளியில் செய்யுங்கள். அபார்ட்மென்ட் தரைத்தளப் பார்க்கிங்கில் இன்ஜினை ஓடவிட்டுச் செய்ய வேண்டாம். புகையும் இந்த வாயுவும் அங்கே தேங்கும். சிகரெட், தீ அருகில் கூடாது. தீயில் பட்டால் இது நச்சு வாயுவாக மாறும்.

4. துப்பட்டா, தொங்கும் சட்டைக்கை, ஹெட்போன் வயர் எதுவும் பெல்ட், ஃபேன் பக்கம் போகக் கூடாது.

5. இன்ஜின் ஆறியிருக்கும்போது முதலில் அழுத்தத்தைப் பாருங்கள். 30 டிகிரி காலையில் 95க்குப் பதிலாக 40, 50 என்று காட்டினால் உள்ளே கேஸ் ஏறக்குறைய காலி, அதாவது பெரிய லீக். கேனைத் திறக்காமல் கடைக்குப் போங்கள்.

6. 'எல்' என்று மூடியில் எழுதியிருக்கும் குறைந்த அழுத்தப் பக்கத்தில் மட்டுமே மாட்ட வேண்டும். 'எச்' பக்கம் 200 பி.எஸ்.ஐ.க்கு மேல் அழுத்தம் இருக்கும். அது கேனுக்குள் திரும்பினால் கேன் வெடிக்கலாம்.

7. குழாயில் இருக்கும் காற்றை, கிட் குறிப்பில் சொன்னபடி வெளியேற்றிய பிறகே நிரப்புங்கள்.

8. கேனை நிமிர்த்தியே வையுங்கள். கவிழ்த்தால் திரவமாகப் போகும். வேகமாகப் போகட்டும் என்று வெந்நீரில் வைப்பதும், வெயிலில் நிற்கும் காருக்குள் கேனை விட்டுவைப்பதும் ஆபத்து. 50 டிகிரிக்கு மேல் கேன் சூடேறக் கூடாது.

9. சமையலறை டிஜிட்டல் தராசில் கேனை முன்னும் பின்னும் எடை பாருங்கள். 50 கிராம் போனதும் மூடிவிட்டு, பத்து நிமிடம் வென்ட் வெப்பநிலையைக் கவனியுங்கள். மாற்றமே இல்லை என்றால் கேஸ் காரணமில்லை. மேலும் ஏற்ற வேண்டாம்.

10. 'லீக் ஸ்டாப்' கலந்த கேனைத் தவிருங்கள். அது வால்வையும் கடைக்காரரின் இயந்திரத்தையும் அடைத்துவிடும்.

தேதியையும் கிராமையும் குறித்து வையுங்கள். சில மாதத்தில் மறுபடி குறைந்தால் இரண்டாவது கேன் வாங்காதீர்கள்.

மெக்கானிக்கிடம் என்ன கேட்பது?

கடைக்குப் போனாலும் எல்லா இடத்திலும் நான்கு கட்டங்கள் நடப்பதில்லை. வால்வில் குழாயை மாட்டி, இரண்டு நிமிடம் கேஸ் விட்டு, "ஓகே சார்" என்று அனுப்பும் இடங்களும் உண்டு. அது வீட்டில் செய்யும் டாப்-அப்பேதான், காசு மட்டும் கூடுதல். கேட்க வேண்டியவை இவை:

* "லீக் எங்க இருக்குன்னு பார்த்தீங்களாண்ணா?"
* "பழைய கேஸ் எவ்வளவு கிராம் வெளிய வந்துச்சு?"
* "எத்தனை நிமிஷம் வேக்யூம் போடுவீங்க?"
* "எடை வெச்சுப் போடுவீங்களா, கேஜ் பார்த்துப் போடுவீங்களா?"
* "எவ்வளவு கிராம் போட்டீங்கன்னு பில்லுல எழுதித் தர்றீங்களா?"

வெளியே போகும் கேஸ் என்ன ஆகிறது?

மெக்கானிக் வால்வை அழுத்தி 'புஸ்ஸ்' என்று பழைய கேஸைத் திறந்துவிடுவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். நெடி இல்லை, புகை இல்லை. ஆனால், 100 ஆண்டுக் கணக்கில் ஒரு கிலோ ஆர்-134ஏ சுமார் 1,430 கிலோ கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமமாகப் புவியைச் சூடாக்கும். ஒரு 450 கிராம் கேன் முழுக்கக் காற்றில் கலந்தால், அது ஏறக்குறைய 280 லிட்டர் பெட்ரோலை எரிப்பதற்குச் சமம். லிட்டருக்கு 15 கி.மீ. தரும் காரில் 4,000 கி.மீ.க்கு மேல் ஓட்டலாம்.

இந்த வாயுவே ஒரு மாற்றாக வந்ததுதான். அதற்கு முன் கார்களில் இருந்த ஆர்-12, ஓசோன் படலத்தை அரித்தது. 1987ஆம் ஆண்டின் மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு அது கைவிடப்பட்டு, 1990களில் ஆர்-134ஏ வந்தது. ஓசோனுக்குத் தீங்கில்லை, ஆனால் புவி வெப்பமாதலுக்குப் பங்களிக்கிறது. அதனால் 2016இல் கிகாலியில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி இவ்வகை வாயுக்களும் படிப்படியாகக் குறைக்கப்படுகின்றன. இந்தியா 2021இல் அதை ஏற்றது. 2032இல் 10 சதவீதத்தில் தொடங்கி, 2047க்குள் 85 சதவீதம் குறைக்க வேண்டும்.

கேன் விஷயத்தில் நாடுகளின் அணுகுமுறை வேறுபடுகிறது. அமெரிக்காவில் வீட்டில் நிரப்புவது பழகிப்போன ஒன்று. அங்கேயும் 2018 முதல், கழற்றியதும் தானாக மூடிக்கொள்ளும் வால்வு உள்ள சிறு கேன்களையே பொதுமக்களுக்காகத் தயாரிக்க முடியும். ஐரோப்பிய ஒன்றியத்தில், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் கேன்களுக்கு 2007 முதலே தடை. 2017 முதல் அங்கே விற்கும் எந்தப் புதிய காரிலும் ஆர்-134ஏ இல்லை.

சுருக்கமாக...

வீட்டில் செய்ய வேண்டியது சோதனை: ஃபில்டர், கண்டென்ஸர், ஃபேன், எண்ணெய்ப் பிசுக்கு, தெர்மாமீட்டர். இவற்றுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். இவற்றில் பாதிக்கு மேல் இலவசம். இதெல்லாம் சரியாக இருந்து, கேஸ்தான் குறைவு என்று தெரிந்தால், "ஏன் குறைந்தது?" என்ற கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகு நிரப்புங்கள்.

அதுவரை வெயிலில் நின்ற காரை எடுக்கும்போது, முதல் ஓரிரு நிமிடம் கண்ணாடிகளை இறக்கி உள்ளே தேங்கிய சூட்டை வெளியேற்றுங்கள். பிறகு கண்ணாடியை ஏற்றி, ரீசர்குலேஷனில் ஏசியைப் போடுங்கள். இருக்கிற கேஸுக்கே கூலிங் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும்.